லோரிக்கு மூன்று புள்ளி

இரண்டு அணியும் புலி வேண்டுமென்று அடித்துக்கொண்டதால்
யாருக்கும் புலி இல்லை என்றேன்.
செம்பனைக் காட்டில் எலி பிடிக்கும் ஆந்தை ஏழு பேருக்கு,
வாய்க்காலோரம் வெயில் காயும் உடும்பு
மிச்ச ஏழு பேருக்கு.
லாபிஸ் டவுனுக்குப் பின்னால், தண்டவாளம் தாண்டி,
ஐந்தாம் ஆண்டில் மொத்தம் பதினான்கு தலை.

ஆட்டம் எளிது.
அட்டையில் ஒரு சொல்.
அந்தச் சொல்லைச் சொல்லாமல்
அதைச் சொல்ல வேண்டும், இங்கிலீஷில்.
உன் அணி கண்டுபிடித்தால் ஒரு புள்ளி.
தமிழ் வாயில் வந்தால் ஒன்று போச்சு.
இலக்கணம் பார்க்க மாட்டேன் என்று
நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதலில் தர்வேஷ். அவன் அட்டையில் வெள்ளைப் பனி,
இந்த ஊரில் எவரும் மிதித்திராத பொருள்.
"ஃபிஷ் ஷாப். அண்டர் த ஃபிஷ்" என்றான்.
ஐஸ்! என்றன ஆந்தைகள்.
"நோ, நோ, ஃப்ரம் ஸ்கை"
என்று மீன்கடையையே
வானத்துக்குத் தூக்கினான். பிடித்துவிட்டார்கள்.

பிறகு குடை. பிறகு பல் டாக்டர்.
வாயைப் பிளந்து காட்டியது செல்லாது,
அது நடிப்பு, பேச்சில்லை
என்று பாதிப் பாடநேரம் வழக்கு.

அப்புறம் கிருத்திஷா.
ஜனவரி தொடங்கி அவள் இங்கிலீஷ்
"பிரசன்ட் டீச்சர்" என்ற இரண்டு சொல்தான்.
மற்ற கேள்விக்கெல்லாம்
மேசைக் கீறலில் விரலை ஓட்டுவாள்.
அட்டையைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள்.
பத்து வினாடி வீணாய்ப் போனது.

"மை ஃபாதர் ஸ்லீப் இன்சைட்."
ஹவுஸ்! ரூம்! பெட்!
"நோ. ஃபோர் டே. தென் கம் ஹோம்."
ஹாஸ்பிட்டல், என்றது ஒரு குரல்.
இன்னொரு குரல், சற்றே தாழ்ந்து,
ஜெயில்.

மின்விசிறிச் சத்தம் மட்டும்.
நான் குறுக்கே வரலாமா என்று யோசிப்பதற்குள்
அவளே, கடும் எரிச்சலோடு,
"நோ லா! டென் வீல் காட்!"

லோரி!
ஏழு உடும்பும் நாற்காலி மேல்.

"டீச்சர், லோரி மலாய்" என்று எழுந்தான் தர்வேஷ்.
"வீட்லயும் லோரின்னுதான் சொல்றோம்,
அப்ப அது தமிழ், மைனஸ் ஒன்னு"
என்றாள் பக்கத்தில் யஷ்வினா.
சொன்னதும் தமிழில்தான் என்பது
அந்த நேரம் யாருக்கும் உறைக்கவில்லை.
நான் மார்க்கர் பேனாவும் கையுமாய் நின்றேன்.
சட்டம் போட்டவள் நான்; இந்தப் பொந்து
கண்ணில் படாமல் போயிருக்கிறது.

கிருத்திஷா இன்னும் உட்காரவில்லை.
"டீச்சர். லோரி இஸ் இங்கிலீஷ்."
ஒரு விரல்.
"லோரி இஸ் மலாய் ஆல்சோ."
இரண்டு.
"லோரி இஸ் தமிழ் ஆல்சோ.
சோ, த்ரீ பாய்ன்ட்."

மேசைகள் அதிர்ந்தன. பக்கத்து வகுப்பிலிருந்து
சிக்கு ரோஸ்னானி சன்னல் வழி எட்டிப் பார்த்தார்,
சண்டையா என்று. இல்லை என்று கையசைத்தேன்.

ஒன்றுதான் கொடுத்தேன்.
"அநியாயம்!" என்றது ஓர் உடும்பு.
"தமிழ்! மைனஸ்!" என்றன ஆந்தைகள்.
கழித்தேன். கணக்கு சமமானது, மணியும் அடித்தது.
அவள் பேச்சில் திருத்த வேண்டியவை நான்கு.
எண்ணி வைத்துக்கொண்டேன், எழுதவில்லை.

மறுநாள் காலை, பையை நான் இறக்கும் முன்பே
பயிற்சிப் புத்தகத்தில் கிழித்த தாளோடு
ஆந்தைகள் வரிசையில்.
"கறி, காரி, கர்ரி. மூணு, டீச்சர்."
"மாங்காய், மங்கா, மேங்கோ."
வெண்பலகையில் நேற்றைய புள்ளிகளைச் சுற்றிக் கட்டம்,
கீழே மலாயில், அழிக்காதீர்.

தர்வேஷ் மட்டும் கடைசியில் நின்றான்.
அவனிடம் ஒரே ஒரு சொல், கப்பல்.
மலாயில் இருக்கிறது, தமிழில் இருக்கிறது,
இங்கிலீஷில் என்ன தேடியும் கிடைக்கவில்லை.
"ரெண்டுதான் டீச்சர்" என்றான்,
உண்மையான வருத்தத்தோடு.